தடுமாறுற ரீஃப் டேங்க்: பாட்டிலை மூடி வைங்க, முதல்ல அளங்க

இந்த வாரம் கடல்நீர்த் தொட்டி. கப்பி, கோல்டுஃபிஷ் சமாச்சாரம் இல்லை. உள்ளே உயிருள்ள பவளம் வளர்க்கிற ரீஃப் டேங்க். இதைப் பற்றி எனக்கு வருகிற கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் இருக்கும்: "தொட்டி நல்லா இல்லை, என்ன ஊத்தலாம்?" என் பதிலும் ஒரே மாதிரிதான். இப்போதைக்கு ஒண்ணும் ஊத்தாதீங்க.

பொங்கோலில் வீவக வீட்டில் இருக்கிற ஒரு நேயரோட தொட்டியை உதாரணமா எடுத்துக்கிறேன், அவங்க அனுமதியோட. தொட்டியில் சுமார் 140 லிட்டர் தண்ணீர், 14 மாத வயசு. ஹேமர் பவளத்தின் மூணு தலையும் சுருங்கிக் கிடக்கு. பட்டன் பவளங்கள் திறக்கவே இல்லை. மணல் மேலே பழுப்பு நிறத்தில் வழவழப்பா ஒரு படலம், அதில் சின்னச் சின்னக் குமிழி. நத்தைகள் ஒண்ணொண்ணா செத்துட்டு இருக்கு. அலமாரியில் எண்ணிப் பார்த்தால் ஒன்பது பாட்டில். "அண்ணா, இந்த மாசத்தோட மூடிடலாம்னு இருக்கேன்"னு எழுதியிருந்தாங்க. மூடிடறதுன்னா உள்ளே இருக்கிற உயிர்களை யார்கிட்டயாவது கொடுக்கணும். சுருங்கிக் கிடக்கிற பவளத்தை யாரும் வாங்கிக்க மாட்டாங்க.

முதல் வேலை உப்பு. அவங்ககிட்ட இருந்தது பிளாஸ்டிக் முள் ஆடுகிற ஹைட்ரோமீட்டர். அது 1.025 காட்டுது. அதே தண்ணீரைக் கடையில் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்துப் பார்த்தால் 1.029. ஆயிரம் பங்குக்கு 39 பங்கு உப்பு. நாம் தொட்டியில் வைக்க வேண்டியது 35. அந்த முள்ளில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டினாலே எண் மாறிடும், உப்புப் படிந்தாலும் மாறிடும். ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினாலும் சாதா தண்ணீரில் சுழியம் வைத்துவிட்டு நிம்மதியா இருக்க வேண்டாம். 35 அளவுக்கென்றே விற்கிற திரவத்தில் சரிபார்த்துக்கோங்க. நமக்கு வேண்டிய இடத்தில் கருவி சரியாகக் காட்டுதா என்பதுதான் கேள்வி.

உப்பு எப்படி ஏறுச்சு? தொட்டியிலிருந்து ஆவியாகிறது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிடும். குறைந்த தண்ணீரை ஈடு செய்ய நல்ல தண்ணீர்தான் ஊத்தணும். இவங்க வீட்டில் யாரோ உதவி செய்யறதா நினைத்து, கலந்து வைத்த உப்புத் தண்ணீரை ஊத்திட்டு வந்திருக்காங்க. ஏர்கான் அறை வேற, ஆவியாவதும் அதிகம்.

சரி பண்ண நான் சொன்னது இது. தினமும் 3 லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்துட்டு, 3 லிட்டர் ஆர்ஓ தண்ணீர் ஊத்துங்க. அஞ்சு நாள். 39 கிட்டத்தட்ட 35 ஆகிடும், கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரே நாளில் செய்தால்? பவளத்தின் செல்லுக்குள் தண்ணீர் சட்டென்று புகுந்து வீங்கும். ஏற்கெனவே நொந்து கிடக்கிற உயிருக்கு அது வேண்டாம்.

அடுத்து ஆல்கலினிட்டி. பவளம் தன் எலும்புக்கூட்டைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுது. அதுக்கு வேண்டிய கார்பனேட் கையிருப்புதான் இந்த ஆல்கலினிட்டி. சிமெண்டும் மணலும் மாதிரி, இரண்டும் ஒரு விகிதத்தில்தான் செலவாகும்: கால்சியம் 20 பிபிஎம் குறைந்தால் ஆல்கலினிட்டி 2.8 டிகேஎச் குறையும். ஆக, முதலில் காலியாவது ஆல்கலினிட்டிதான். அதனால் வாரத்தில் பல தடவை அளக்க வேண்டியதும் அதைத்தான். 7 முதல் 11 வரை எந்த எண்ணிலும் தொட்டி நல்லா ஓடும். 8ஆ 9ஆ என்று சண்டை போடுறவங்களைக் கண்டுக்காதீங்க. திங்கள்கிழமை 8, வியாழக்கிழமை 10 என்று ஆடாமல் இருந்தால் போதும்.

இவங்க தொட்டியில் 11.8. காரணம் அந்த ஒன்பதில் இரண்டு பாட்டில். லேபிளில் தினமும் இத்தனை மில்லி என்று போட்டிருக்கு, இவங்களும் ஊத்தியிருக்காங்க. ஆனால் லேபிளில் இருக்கிறது பவளம் நெரிசலா வளர்கிற யாரோ ஒருத்தர் தொட்டிக்கான கணக்கு. சுருங்கிக் கிடக்கிற பவளம் எலும்பு கட்டுவதில்லை, ஊத்தினது அப்படியே சேர்ந்துட்டே போகும். உப்பைக் குறைக்க நல்ல தண்ணீர் ஊத்தினதில் இதுவும் 10.6க்கு இறங்கிடுச்சு. பிறகு மூணு வாரம் எதையும் ஊத்தாமல் விட்டோம், தானாக 8.3க்கு வந்தது. அதாவது இந்தத் தொட்டியின் செலவு நாளுக்கு 0.1 தான். உங்க வீட்டிலும் இதைச் செய்யலாம். டோசிங்கை நிறுத்திட்டு, தினமும் ஒரே நேரத்தில் அளந்து, எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க. அந்த எண் தெரிஞ்ச பிறகுதான் பாட்டில்.

இப்போ அந்தப் பழுப்புப் படலம். எல்லாரும் தவறுகிற இடம் இது. பார்த்தால் அழுக்கு மாதிரி இருக்கும். அழுக்கு என்றால் என்ன செய்வோம்? சுத்தம் செய்வோம். பாஸ்பேட் உறிஞ்சி போடுவோம், ஸ்கிம்மரை முடுக்குவோம், மீனுக்குத் தீனி குறைப்போம். இவங்களும் எல்லாம் செஞ்சாச்சு. டெஸ்ட் கிட்டில் நைட்ரேட் 0, பாஸ்பேட் 0. படலம் மட்டும் ஜாஸ்தி ஆகுது.

அது டைனோஃபிளாஜெலேட், சுருக்கமா டைனோ. ஊட்டச்சத்து சுழியத்துக்குப் போன தொட்டிகளில்தான் இது அதிகம் தலை தூக்கும், ஏன்னா அதோட இடத்துக்குப் போட்டி போடுகிற பாசியும் பாக்டீரியாவும் பட்டினியில் ஒதுங்கிடும். வேடிக்கை என்னன்னா, பவளத்துக்குள்ளே குடியிருந்து அதுக்குச் சோறு போடுற நுண்பாசியும் டைனோஃபிளாஜெலேட் கூட்டம்தான். நல்ல டைனோ பட்டினி கிடக்க, கெட்ட டைனோ கொழிக்குது.

புதுத் தொட்டிகளில் வருகிற டயாட்டம் படலமும் பழுப்புதான், அது தானாகப் போயிடும். இரண்டையும் பிரிக்க ஒரு சோதனை: கொஞ்சம் படலத்தை உறிஞ்சி ஒரு பாட்டிலில் எடுத்து, நல்லாக் குலுக்கி, காபி ஃபில்டர் தாளில் வடிகட்டுங்க. வடிந்த தண்ணீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வைங்க. திரும்ப நூல் நூலா ஒண்ணு சேர்ந்தால் பெரும்பாலும் டைனோ. உறுதியா தெரியணும்னா பிள்ளைகள் விளையாடுற நுண்ணோக்கியே போதும். இவங்க தொட்டியில் இருந்தது ஆஸ்ட்ரியாப்சிஸ் வகை, நத்தைகள் சாவதற்கும் அதோட நச்சுதான் காரணமா இருந்திருக்கும்.

ஆக, வைத்தியம் தலைகீழ். உறிஞ்சியை எடுத்தாச்சு. மீனுக்குத் தீனி கூட்டியாச்சு. நைட்ரேட் 5 பிபிஎம், பாஸ்பேட் 0.05 பிபிஎம் அருகே வரும்வரை தண்ணீர் மாற்றுவதையும் நிறுத்தினோம். ஆஸ்ட்ரியாப்சிஸ் ராத்திரியில் மணலை விட்டுத் தண்ணீரில் மிதக்கும். அதனால் ராத்திரி முழுக்க யுவி விளக்கு வழியாத் தண்ணீரை ஓட விட்டோம். எல்லா டைனோவும் இப்படி மிதக்காது, வகை தெரியாமல் யுவி வாங்கினால் பணம் வீண். படலம் விலக அஞ்சு வாரம் ஆச்சு. அந்த அஞ்சு வாரமும் கை துறுதுறுன்னு இருக்கும், எதையாவது ஊத்தச் சொல்லும். அதுதான் கஷ்டமே.

வெப்பம் பற்றிச் சுருக்கமா. 25, 26 டிகிரி நல்லது. நம்ம ஊர் அறை வெப்பமே 30 இருக்கும், அதுக்கு மேலே பம்ப்பும் லைட்டும் சூடேத்தும். விசிறி வைத்தால் இரண்டு மூணு டிகிரி இறங்கும், ஆனால் காற்றில் ஈரம் அதிகமான நாளில் அவ்வளவு இறங்காது. சில்லர்தான் நிலையான வழி. அதிக வெப்பம் நீடித்தால் பவளம் உள்ளிருக்கும் நுண்பாசியைத் துப்பிட்டு வெளுத்துடும். 2010லும் 2016லும் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்ததும் இதே காரணத்தால்தான்.

குழாய்த் தண்ணீர் நேரா வேண்டாம். சிங்கப்பூரில் கிருமிநீக்கத்துக்குக் குளோரமைன் பயன்படுத்துறாங்க, வாளியில் ஒரு ராத்திரி வைத்தால் அது போயிடாது. ஆர்ஓ, அதுக்குப் பின்னால் டிஐ, டிடிஎஸ் 0.

கடைசியா, பாறை. 1960களின் தொடக்கத்தில் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், கடலில் எடுத்த பாறை, கொஞ்சம் காற்றுக் குமிழி, வெயில், இவ்வளவை வைத்தே கடல் தொட்டி நடத்திக் காட்டினார். அம்மோனியாவை நைட்ரேட்டா மாற்றுகிற பாக்டீரியா குடியிருப்பது அந்தப் பாறையில்தான். அதனால் பாறையை வெளியே எடுத்துத் தேய்த்துக் கழுவாதீங்க, வெந்நீர் ஊத்தவே ஊத்தாதீங்க. சில பட்டன் பவளங்களில் பாலிடாக்சின் என்கிற கடுமையான நஞ்சு இருக்கு. ஆவியில் கலந்து மூச்சில் போனால் வீட்டில் இருக்கிற எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். பாறையில் கை வைக்கும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

தமிழ்நாட்டிலிருந்து கேட்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு, புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. கடைக்காரர் என்ன சமாதானம் சொன்னாலும் வாங்காதீங்க. பாறை, கோமாளி மீன் வைத்து நடத்துற தொட்டிக்கும் இன்னைக்குச் சொன்ன உப்பு, வெப்பம், தண்ணீர்க் கணக்கெல்லாம் அப்படியே பொருந்தும்.

ஹேமரில் ஒரு தலை போயிடுச்சு. மற்ற இரண்டும் இப்போ பகலில் முழுசா விரியுது. ஒன்பது பாட்டிலில் ஏழை அவங்க திரும்பத் திறக்கவே இல்லை.

உங்க தொட்டியைப் பற்றி எழுதுறவங்க உப்பு, ஆல்கலினிட்டி, நைட்ரேட், பாஸ்பேட், வெப்பம், அஞ்சு எண்ணும் எழுதுங்க, எந்தக் கருவியில் அளந்தீங்கன்னும் சொல்லுங்க. போட்டோ அனுப்பினால் நீல லைட்டை அணைச்சுட்டு வெள்ளை வெளிச்சத்தில் எடுங்க. நீல வெளிச்சத்தில் செத்த பவளம்கூட அழகாத்தான் தெரியும்.