மேடையில் ஓர் இடம்

மேலைநாட்டு இசை நிகழ்ச்சிகளில் ஒரு வழக்கம் உண்டு. பேர்பெற்ற கலைஞர் மேடைக்கு வருமுன், அதிகம் அறியப்படாத இளையவர் ஒருவரோ ஒரு குழுவோ சிறிது நேரம் பாடுவர். மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கியது அவர்களுக்காக அன்று. தங்களைத் தேடி எவரும் வரவில்லை என்பதை அறிந்தே, பேச்சொலி அடங்காத அரங்கில் அவர்கள் பாடவேண்டும். ஆயினும் அந்தச் சிறு வாய்ப்புக்காக ஏங்காத இளங்கலைஞர் இல்லை. பின்னால் பாடவிருக்கும் பெரியவர், தாம் பள்ளிப் பருவத்தில் இசைத்தட்டில் கேட்டுக் கேட்டு வியந்தவராகவே இருந்துவிட்டால், அந்த மகிழ்ச்சியை என்னென்பது! அத்தகைய பேறு பெற்ற ஓர் இளைஞரையும், அப்பேற்றினை அளித்த பெரியவரையும் பற்றி இங்கே காண்போம்.

தாயை இழந்த சிறுவன்

இங்கிலாந்தின் துறைமுக நகரான லிவர்பூலில் 1942 ஜூன் 18 அன்று பிறந்தவர் பால் மெக்கார்ட்னி. அவருடைய தாய் மேரி, அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கப் பெண்மணி. மகனுக்கும் கத்தோலிக்க முறைப்படியே ஞானஸ்நானம் அளிக்கப்பட்டது. தாதியாகவும் மருத்துவச்சியாகவும் உழைத்து வீட்டைத் தாங்கிய அந்தத் தாய், 1956 அக்டோபர் 31 அன்று புற்றுநோயால் இறந்தார். பாலுக்கு அப்போது வயது 14.

தந்தை ஜிம் இளமையில் இசைக்குழு நடத்தியவர். மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக டிரம்பெட் ஒன்றைக் கொடுத்திருந்தார். வாயில் குழலை வைத்துக்கொண்டு பாட இயலாதே! மகன் அதைக் கடையில் கொடுத்துவிட்டுக் கிதார் ஒன்றை மாற்றிக்கொண்டார். துயரம் சூழ்ந்த அவ்வீட்டில் இனி அதுவே அவருக்குத் துணையாயிற்று.

அந்நாட்களில் அமெரிக்காவிலிருந்து இசைத்தட்டுகளில் வந்த ஒரு குரல் இளைஞர்களைக் கவர்ந்தது. லிட்டில் ரிச்சர்ட் என்னும் கறுப்பினப் பாடகரின் குரல் அது. பியானோவை அதிரத் தட்டிக்கொண்டு, தொண்டையின் உச்சியிலிருந்து கூவிப் பாடுவது அவர் பாணி. அந்தக் கூவலை அப்படியே பாடிக் காட்டுவதில் பால் தேர்ந்தார். 1957 ஜூலை 6 அன்று, லிவர்பூலின் வுல்டன் பகுதியிலுள்ள புனித பேதுரு ஆங்கிலிக்கன் ஆலயத்தில் பங்குத் திருவிழாச் சந்தை நடைபெற்றது. அங்கே தம் குழுவினரோடு பாட வந்திருந்த ஜான் லெனன் என்னும் இளைஞரிடம் நண்பர் ஒருவர் பாலை அறிமுகப்படுத்தினார். அன்று பால் பாடிக் காட்டியவற்றுள் லிட்டில் ரிச்சர்டின் பாடல்களும் இருந்தன. விரைவிலேயே அவர் லெனனின் குழுவில் சேர்ந்தார். அக்குழுவே பின்னர் 'பீட்டில்ஸ்' ஆயிற்று.

அந்த அக்டோபர் இரவு

ஐந்தாண்டுகள் உருண்டோடின. 1962 அக்டோபர் 5 அன்று பீட்டில்ஸ் குழுவின் முதல் தனி இசைத்தட்டு பிரிட்டனில் வெளிவந்தது. சரியாக ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 12 அன்று, மெர்சி நதியின் மறுகரையிலுள்ள நியூ பிரைட்டன் நகரின் டவர் நடன அரங்கில் லிட்டில் ரிச்சர்டே பாட வந்தார். அவரை வரவழைத்தவர் பீட்டில்ஸின் மேலாளர் பிரயன் எப்ஸ்டைன். விளம்பரத்தில் முதற்பெயர் ரிச்சர்டு. இரண்டாவது பெயர் பீட்டில்ஸ். அதே மாதம் 28 அன்று லிவர்பூல் எம்பயர் அரங்கிலும் அவர்கள் அவரோடு ஒரே நிகழ்ச்சியில் பாடினர். நவம்பர் முதல் இரு வாரங்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஸ்டார் கிளப் மேடையில் இரு சாராரும் இரவுதோறும் பாடினர். இசைத்தட்டில் கேட்டுப் பழகிய குரலைப் பால் திரைமறைவில் நின்று அருகிலிருந்தே கேட்டார். தம் கூவலின் நுட்பத்தைப் பாலுக்குக் கற்றுக்கொடுத்தவர் தாமே என்று ரிச்சர்ட் பிற்காலத்தில் பெருமையோடு சொல்லிவந்தார்.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். அப்போது ரிச்சர்டுக்கு வயது 29. புகழின் உச்சியில் இருந்தபோது, 1957இல், தம் பாடல்களைத் துறந்து அலபாமா மாநிலத்தின் ஓக்வுட் கல்லூரியில் இறையியல் பயிலச் சென்றவர் அவர். அதன்பின் பக்திப் பாடல்களையே பாடிவந்தார். 1962ஆம் ஆண்டுப் பயணத்தில்தான் பழைய பாடல்களை மீண்டும் மேடையேற்றினார். இழந்த இடத்தைத் தேடி வந்த மனிதர் அவர். தம் பாணியிலேயே பாடும், தம்மைவிட இளைய கூட்டமொன்றைக் கண்டு அவர் உள்ளூர அஞ்சியிருக்கலாம், ஒதுக்கியும் இருக்கலாம். ஆனால் அவர் கற்றுக்கொடுத்தார்.

அவருக்கும் ஒருவர் கொடுத்தார்

ஏன் கொடுத்தார்? அவர் உள்ளத்தை நாம் படிக்க இயலாது. ஆனால் அவருடைய பதினான்காம் வயதில் நிகழ்ந்த ஒன்று நமக்குத் தெரியும்.

ரிச்சர்ட் பென்னிமன் என்பது அவர் இயற்பெயர். ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில், பன்னிரண்டு பிள்ளைகள் கொண்ட ஏழைக் குடும்பத்தில் மூன்றாவதாகப் பிறந்தவர். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் பிரித்து வைக்கப்பட்டிருந்த காலம் அது. ஊரின் பெரிய அரங்கில் குளிர்பானம் விற்று அவர் சிறு கூலி பெற்றுவந்தார். 1947 அக்டோபரில் அவ்வரங்கிற்குப் பாட வந்தார் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். இவர் கன்னியர் மடத்துச் சகோதரி அல்லர். சபையார் வழக்கில் 'சிஸ்டர்' என அழைக்கப்பட்டவர். நற்செய்திப் பாடல்களை மின்கிதார் இசைத்துப் பாடிப் புகழ்பெற்றவர். ரிச்சர்டு மிகவும் விரும்பிய பாடகி. நிகழ்ச்சிக்கு முன் சிறுவன் ஒருவன் தம் பாடல்களையே பாடிக்கொண்டிருப்பது அவர் செவியில் விழுந்தது. அவர் அவனை விரட்டவில்லை. அன்றைய நிகழ்ச்சியைத் தொடங்கி வைத்துப் பாடுமாறு அழைத்தார். நிகழ்ச்சி முடிந்ததும் கையில் பணமும் கொடுத்தார். பாடுவதையே தொழிலாகக் கொள்ளலாம் என்னும் எண்ணம் ரிச்சர்டின் நெஞ்சில் வேரூன்றியது அன்றுதான்.

தாம் பெற்றதையே ரிச்சர்டு பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், கடல் கடந்த நாட்டில், வேறு நிறத்துப் பிள்ளைகளுக்கு வழங்கினார்.

சங்கிலி அறுபடவில்லை

1962இல் ரிச்சர்டோடு ஆர்கன் வாசிக்க வந்திருந்தவர் பில்லி பிரெஸ்டன் என்னும் 16 வயதுச் சிறுவர். பீட்டில்ஸ் குழுவினர் அவரோடு நட்புப் பூண்டனர். 1969 ஜனவரியில், உலகப் புகழின் நடுவே, நால்வரும் தமக்குள் பிணங்கிப் பிரியும் நிலைக்கு வந்திருந்தனர். அவ்வேளையில் அவர்களுள் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன், பில்லியை அழைத்து வந்து தம்மோடு வாசிக்கச் செய்தார். விருந்தினர் முன் சண்டையிடாத குடும்பத்தைப் போல, அவர்களுடைய கடுமை தணிந்தது. அதன் விளைவாக வெளிவந்த 'கெட் பேக்' இசைத்தட்டில் பீட்டில்ஸின் பெயரோடு பில்லியின் பெயரும் அச்சிடப்பட்டது. அன்று பின்னணியில் நின்ற சிறுவருக்கு இன்று முன்வரிசையில் இடம்!

1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பீட்டில்ஸ் தம் கடைசிக் கட்டண நிகழ்ச்சியை நடத்தினர். அதில் இறுதியாகப் பால் பாடியது லிட்டில் ரிச்சர்டின் 'லாங் டால் சாலி'. சிறுவனாக வீட்டில் பாடிப் பழகிய அதே பாடல். ரொசெட்டா 1973இலும், ரிச்சர்டு 2020 மே 9 அன்று 87ஆம் வயதிலும் மறைந்தனர். தமக்குத் தெரிந்ததெல்லாம் ரிச்சர்டு கற்பித்ததே என்பதை அப்போது 77 வயதாயிருந்த பால் மெக்கார்ட்னி வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

அன்புக் குடும்பத்தாரே! திறமை இறைவன் தருவது. அதற்கு மேடை தருவது மனிதரின் கடமை. ரொசெட்டா அம்மையார் அன்று கொடுத்தது சில மணித்துளிகளே. அதற்காக அவர் தம் புகழில் ஒரு துளியையும் இழக்கவில்லை. நம் வீட்டிலும், தொழிற்கூடத்திலும், ஆலயப் பாடகர் குழுவிலும் நம்மையே பார்த்துக் கற்றுக்கொண்டு, அழைப்புக்காகக் காத்து நிற்கும் பிள்ளை ஒன்று இருக்கக்கூடும். 'இன்னும் தேறட்டும்' என்று நாளைக் கடத்துவது எளிது. 'இன்று நீ தொடங்கு' என்று சற்றே விலகி நின்று இடம் கொடுத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை அதை ஆயுளுக்கும் மறக்காது.