கீழாநெல்லி: நம்பிக்கையிலிருந்து ஆய்வுக்கூடம் வரை

நல்ல மழை பெய்த மறுவாரம், யாரும் விதைக்காமலேயே வேலியோரத்திலும் பூச்சாடியிலும் முளைத்து நிற்கும் செடி கீழாநெல்லி. இலைகளுக்கு அடியில் சிறு காய்கள் நெல்லிக்காயைப் போல் வரிசையாக அமைந்திருப்பதால் இப்பெயர் பெற்றது. மலாய்க்காரர்கள் இதனை 'டுக்கோங் அனாக்' என்பர். பிள்ளையைச் சுமப்பது என்று பொருள். இதன் நெருங்கிய உறவான ஒரு செடியைச் சீனர்கள் 'யே சியா சூ', அதாவது இலைக்கடியில் உள்ள முத்து என்கின்றனர். மூவினத்தாரும் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தே பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

நம்மவர்களுக்குக் கீழாநெல்லி என்றதும் நினைவுக்கு வருவது மஞ்சள் காமாலை. செடியை வேரோடு பிடுங்கிக் கழுவி, அரைத்து, மோரில் கலந்து வெறும் வயிற்றில் குடிப்பது வழக்கம். இச்செடி உண்மையிலேயே நச்சுயிரியை, அதாவது வைரஸை ஒடுக்குமா என்பதே இக்கட்டுரையில் நான் ஆராய விரும்பும் கேள்வி. பல மூலிகைகளின் ஆய்வுகள் சோதனைக் குழாயோடு நின்றுவிடுகின்றன. கீழாநெல்லியோ சோதனைக் குழாய், விலங்கு, மனிதர் என மூன்று படிகளையும் ஏறியது. ஆகவே மற்ற மூலிகைகளை எடைபோடவும் இதன் கதை நமக்கு உதவும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். மஞ்சள் காமாலை என்பது நோயன்று. கல்லீரலோ பித்தக் குழாயோ பாதிக்கப்பட்டதைக் காட்டும் அறிகுறி. அசுத்தமான உணவு, நீர் வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் ஏ வந்தால் கண் மஞ்சளாகும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே குணமாகிவிடும். அந்த வாரங்களில் எதைக் குடித்திருந்தாலும் குணமாக்கிய பெருமை அதற்கே போய்ச் சேரும். ஹெபடைடிஸ் பி வேறு வகை. இரத்தம், உடலுறவு, பிரசவம் ஆகியவற்றின் வழியாகத் தொற்றுவது. பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நாள்பட்ட நோயாகத் தங்கிவிடுகிறது. பல்லாண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்து, பின்னர் கல்லீரல் இறுக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடக்கூடியது.

இந்த ஹெபடைடிஸ் பி நச்சுயிரியைக் கண்டறிந்த பணிக்காக 1976-இல் நோபல் பரிசு பெற்றவர் அமெரிக்க அறிஞர் பரூக் புளும்பெர்க். அவருடைய குழுவே பின்னர் கீழாநெல்லியைக் கையிலெடுத்தது. 1987-இல் வெளிவந்த அவர்களது ஆய்வு, இச்செடியின் சாறு நச்சுயிரி தன்னைப் படியெடுக்கப் பயன்படுத்தும் டி.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் நொதியைத் தடுக்கிறது என்று காட்டியது. வட அமெரிக்காவில் வாழும் வுட்சக் என்னும் கொறிவிலங்குக்கு இதையொத்த நச்சுயிரி ஒன்று உண்டு. அவ்விலங்குகளிலும் சாறு பலன் காட்டியது.

அடுத்த ஆண்டு, சென்னையைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜனும் புளும்பெர்க்கும் உள்ளிட்ட குழு 'லான்செட்' இதழில் மனிதர்கள் மீதான ஆய்வை வெளியிட்டது. நச்சுயிரியைச் சுமந்திருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுக்கப்பட்டது. 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து நச்சுயிரியின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அது மறைந்தது. இயல்பாக ஆண்டுக்கு நூற்றில் ஓரிருவருக்கே மறையக்கூடிய புரதம் ஒரு மாதத்தில் பாதிக்கு மேற்பட்டோரிடம் மறைந்தது என்றால் உலகம் வியக்காமல் இருக்குமா?

ஆனால் 1990-இல் தாய்லாந்திலும், 1994-இல் நியூசிலாந்திலும் இதே செடியைக் கொண்டு செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வும், நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-க்குக் கீழாநெல்லி இனச் செடிகள் பயன்தரும் என்பதற்கு நம்பத்தக்க சான்று போதாது என்றே முடித்தது.

ஏன் இந்த முரண்பாடு? முதலாவது, செடியே மாறுகிறது. கீழாநெல்லியைப் போலவே தோற்றமளிக்கும் இனங்கள் பல உள்ளன. தாவரவியலாரே பெயர் மாற்றிக் குறித்ததுண்டு. ஒரே இனமாயினும் மண்ணும் பருவமும் மாறினால் சாற்றிலுள்ள வேதிப்பொருள்களின் அளவும் மாறும். இரண்டாவது, சோதனைக் குழாயில் சாறு நச்சுயிரியை நேரடியாகச் சந்திக்கிறது. நாம் குடிக்கும்போதோ அது குடலில் செரித்து, இரத்தத்தில் கலந்து, தேவையான அளவில் கல்லீரல் செல்லுக்குள் நுழைய வேண்டும். மூன்றாவது, இந்த நச்சுயிரி தன் மரபுப் பொருளை வளையமாக்கிச் செல்லின் உட்கருவுக்குள் பதுக்கி வைக்கிறது. இன்று பயன்படும் எண்டெகாவிர், டெனோஃபோவிர் போன்ற மருந்துகள்கூட நச்சுயிரி பெருகுவதைத்தான் தடுக்கின்றன. அந்த வளையத்தை அழிப்பதில்லை.

இதனால் கீழாநெல்லி பொய் என்று ஆகிவிடாது. அதன் வேதிப்பொருள்கள் இன்றும் ஆராயப்பட வேண்டியவையே. நம் முன்னோர் உற்று நோக்கிச் சொன்னது ஆய்வுக்குத் தக்க தொடக்கம். அதனை முடிவாக எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து. கீழாநெல்லி குடித்துக் கண்ணின் மஞ்சள் தெளிந்துவிட்டது என்று நிம்மதியடையும் ஒருவரின் கல்லீரலில் நச்சுயிரி ஓசையின்றித் தங்கியிருக்கலாம். இரத்தப் பரிசோதனை ஒன்றே அதைக் காட்டும்.

இது நமக்கு எட்டாத செய்தியன்று. சிங்கப்பூரில் 1987 முதலும் மலேசியாவில் 1989 முதலும் பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடும் திட்டம் நடப்பில் உள்ளது. இன்று பல்கலைக்கழகத்தில் பயிலும் மாணவர்களில் பெரும்பாலோர் அந்தப் பாதுகாப்போடு வளர்ந்தவர்கள். நம் பெற்றோருக்கும் மூத்த முன்னாள் மாணவர்கள் பலருக்கும் பிறந்தபோது அந்த வாய்ப்பு இல்லை. எனவே அடுத்த விடுமுறைக்கு வீடு திரும்பும்போது, அம்மாவும் அப்பாவும் இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டார்களா என்று கேளுங்கள். நோய் இருப்பது தெரிந்தால் மருத்துவரின் கண்காணிப்பில் இருக்கட்டும். மூலிகை எதையும் உட்கொண்டால் அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லட்டும்.