புகழை வேண்டாமென்ற ஓவியர்

1876-ம் ஆண்டு. இத்தாலியின் வெனிஸ் நகரம். அங்குள்ள பெரிய ஹோட்டல் ஒன்றில் இங்கிலாந்தின் பிரசித்தி பெற்ற கலை விமரிசகர் ஜான் ரஸ்கின் தங்கியிருந்தார். ஒரு நாள் அவர் கைக்கு ஒரு கடிதம் வந்தது. அதே ஹோட்டலில் தங்கியிருந்த ஆங்கிலேய மாது ஒருவர் எழுதியது. தம் மகள் வரைந்த சில சித்திரங்களை அனுப்புவதாகவும், அவற்றைப் பார்த்து அபிப்பிராயம் சொல்ல வேண்டுமென்றும் அந்தத் தாய் கேட்டிருந்தார்.

ரஸ்கினுக்கு இந்த மாதிரிக் கடிதங்கள் புதிதல்ல. அவர் நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் ஓர் ஓவியனின் வாழ்வு உயர்ந்துவிடும் என்றிருந்த காலம் அது. பின்னாளில் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் ரயில் பயணத்தின்போது படித்து, தம் வாழ்க்கையையே மாற்றிக் கொள்ளக் காரணமாயிருந்த 'அன் டு திஸ் லாஸ்ட்' நூலை எழுதியவரும் இவர்தான்.

பெண்களால் உயர்ந்த ஓவியம் தீட்ட முடியாது என்பது அதுவரை ரஸ்கினின் தீர்மானமான கருத்து. அதைப் புத்தகங்களிலும் எழுதி வைத்திருந்தார். ஆகவே அதிகம் எதிர்பார்க்காமல்தான் அந்தப் படங்களைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அசந்து போனார். முறையாக யாரிடமும் பயிலாத 23 வயதுப் பெண்ணின் கை அது! உடனே அவளை அழைத்துக்கொண்டு வெனிஸின் சித்திரசாலைகளைக் காட்டப் புறப்பட்டுவிட்டார். 1883-ல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றில், பெண்களைப் பற்றித் தாம் முன்பு சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டபோது இந்தச் சம்பவத்தையும் நினைவுகூர்ந்தார்.

அந்தப் பெண்ணின் பெயர் லிலியாஸ் டிராட்டர். உலகம் போற்றும் ஓவியராகும் வாய்ப்பு கைக்கெட்டியபோது, அதை வேண்டாமென்று தள்ளிவிட்டு, முன்பின் தெரியாத அல்ஜீரியா நாட்டுக்குத் தம் சொந்தச் செலவில் ஊழியம் செய்யப் போனவர் இவர். பத்து நாள், இரண்டு வாரம் என்று சர்ச்சுகளிலிருந்து வெளிநாட்டுக்குத் தொண்டுப் பயணம் போய் வருகிறவர்களை இன்று நாம் நிறையப் பார்க்கிறோம். லிலியாஸின் பயணமோ 40 வருஷம் நீடித்தது!

சென்னையின் உறவு

லிலியாஸ் 1853-ல் லண்டனில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை அலெக்ஸாண்டர் டிராட்டர் பங்கு வியாபாரி. மகளுக்கு 12 வயதானபோது அவர் காலமாகிவிட்டார். வெனிஸில் ரஸ்கினுக்குக் கடிதம் எழுதிய தாய் இசபெல்லாவுக்கோ நம் சென்னையோடு சம்பந்தம் உண்டு. 1801-ல் சென்னையில் ஏற்பட்ட சுப்ரீம் கோர்ட்டின் முதல் தலைமை நீதிபதி ஸர் தாமஸ் ஸ்ட்ரேஞ்ச் இவருடைய தந்தை. இந்து சட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் விரிவான நூல் எழுதியவர் அவர். ஆக, நம் கதாநாயகி சென்னை நீதிபதியின் பேத்தி!

லிலியாஸுக்கு வீட்டில் எதற்கும் குறைவில்லை. ஆனால் இருபது வயதைத் தாண்டும்போதே அவர் மனம் பக்தி மார்க்கத்தில் திரும்பிவிட்டது. 1875-ல் அமெரிக்கப் பிரசங்கி மூடி லண்டனில் கூட்டங்கள் நடத்தியபோது தொண்டராக உழைத்தார். பிறகு வேலை பார்க்கும் இளம் பெண்களுக்கான விடுதி ஒன்றில் சம்பளமில்லாத ஊழியரானார்.

அக்காலத்து லண்டனில் கடைகளில் வேலை செய்த பெண்களுக்கு மத்தியானம் உட்கார்ந்து சாப்பிடக்கூட இடமில்லை. பொட்டலத்தைப் பிரித்து நடைபாதையிலேயே நின்று சாப்பிட்டார்கள். அவர்களுக்காக ஓர் உணவு விடுதி ஏற்படுத்த லிலியாஸ் பாடுபட்டார். விக்டோரியா ரயில் நிலையத்தைச் சுற்றி இரவில் நின்ற அபலைப் பெண்களைத் தேடித் தன்னந்தனியாகப் போவார். அவர்களோடு பேசி, விடுதிக்கு அழைத்து வந்து, ஒரு தொழில் கற்றுக்கொடுக்க முயல்வார். பெரிய இடத்துப் பெண் இரவில் அந்தத் தெருக்களில் நடப்பதென்பது அந்நாளில் நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமா?

ரஸ்கின் வைத்த பரீட்சை

ரஸ்கினுக்கு இது பிடிக்கவில்லை. ஏழைகளிடம் இரக்கமில்லாதவரல்ல அவர். ஆனால் இப்படிப்பட்ட கை பிறப்பது அபூர்வம். அது வீணாகிறதே என்பது அவர் கவலை. லிலியாஸின் நேரம் விடுதியில் கழியக் கழிய, அவருடைய ஓவியத்தில் மெருகு குறைகிறது என்று கண்டித்தார்.

1879-ம் வருஷம் மே மாதம். வட இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்தில் உள்ள பிராண்ட்வுட் என்ற தம் வீட்டுக்கு லிலியாஸை அழைத்திருந்தார் ரஸ்கின். அங்கே வைத்து, மனத்திலிருந்ததைக் கொட்டிவிட்டார். ஓவியத்துக்கே தன்னை அர்ப்பணித்தால், உயிரோடிருக்கும் ஓவியர்களிலேயே லிலியாஸ் தலைசிறந்தவராகலாம். காலத்தால் அழியாத படைப்புகள் அவர் கையிலிருந்து வரும் என்று சொன்னார்.

யாருக்குத்தான் தலை சுற்றாது? லிலியாஸுக்கும் சுற்றியது. பல நாள் தூக்கமின்றித் தவித்தார். ஓவியம் பாவமென்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்தத் திறமை கடவுள் தந்தது என்றே நம்பினார். ஆனால் ரஸ்கின் கேட்டது பாதி மனத்தையல்ல, முழு மனத்தையும். கடவுள் கேட்பதும் அதைத்தானே! இரண்டு பேருக்கும் முழுவதையும் கொடுக்க முடியாது என்று கண்டார். முடிவில் ரஸ்கினுக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டார்.

ரஸ்கினுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் நட்பு முறியவில்லை. அவருடைய முதுமை வரை கடிதப் போக்குவரத்து நடந்தது.

மூன்று பெண்கள், ஒரு துறைமுகம்

விடுதி வேலை லிலியாஸின் உடம்பை உருக்கியது. 1884-ல் சிறிய ஆபரேஷன் ஒன்றுக்குப் பிறகு கடுமையாக நோய்வாய்ப்பட்டார். இருதயம் நிரந்தரமாகப் பலவீனமாகிவிட்டது. இந்த நிலையில், 1887-ல் வட ஆப்பிரிக்காவைப் பற்றிய ஊழியக் கூட்டம் ஒன்றுக்குப் போனார். அங்கே போகக் கடவுள் யாரையாவது அழைக்கிறாரா என்று மேடையிலிருந்து கேள்வி எழுந்தது. லிலியாஸ் எழுந்து நின்றார்.

வட ஆப்பிரிக்க மிஷனுக்கு மனுப் போட்டார். டாக்டர் பரீட்சையில் தேறவில்லை. இருதயம் பலவீனம் என்று மிஷன் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சோர்ந்து போகவில்லை. குடும்பச் சொத்து இருக்கிறது, சம்பளம் வேண்டாம், நானே போகிறேன் என்று கிளம்பிவிட்டார். பிளாஞ்ச் ஹாவர்த், கேட்டி ஸ்டூவர்ட் என்று இரு தோழிகளும் சேர்ந்துகொண்டனர். 1888 மார்ச் மாதம் மூவரும் அல்ஜியர்ஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அங்கே அவர்களுக்குத் தெரிந்தவர் ஒருவருமில்லை. அரபு மொழியில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாது. மூன்று பேருக்குமே தேக பலம் கிடையாது!

மொழியைத் தட்டுத் தடுமாறிக் கற்றார்கள். 1893-ல் பழைய நகரான கஸ்பாவிலேயே, குறுகிய சந்து ஒன்றில், துருக்கியர் காலத்துப் பழைய வீடு ஒன்றில் குடியேறினார்கள். முதலில் சிநேகமானவர்கள் தெருக் குழந்தைகள். குழந்தைகள் வழியாகத் தாய்மார்களின் பழக்கம் கிடைத்தது. அந்நிய ஆண்கள் நுழைய முடியாத அந்தப்புரங்களின் கதவு இவர்களுக்குத் திறந்தது. பெண்களுக்குத் தையல் வகுப்பு, பிள்ளைகளுக்கு எழுத்து என்று வேலை வளர்ந்தது.

வெயில் கொளுத்தும் தெற்குப் பாலைவனத்துக்கும் லிலியாஸ் ஒட்டகத்தில் பிரயாணம் செய்தார். பிஸ்க்ரா, டுகூர்ட் போன்ற சோலை ஊர்களில் மண் சுவர் வீடுகளின் தரையில் உட்கார்ந்து பேசினார். முஸ்லிம்களில் ஞான மார்க்கத்தைப் பின்பற்றும் சூஃபிகளிடம் அவருக்குத் தனி மதிப்பு ஏற்பட்டது. அவர்களுடைய இறைத் தாகத்தைக் கண்டு வியந்து, அவர்களுக்காகவே 'ஏழு மடங்கு இரகசியத்தின் வழி' என்ற பொருள்படும் நூலை எழுதினார்.

தூரிகை என்னவாயிற்று?

ஓவியத்தை அடியோடு விட்டுவிட்டாரா? அதுதான் இல்லை. தூரிகையும் பெட்டியில் கூடவே வந்தது. தினமும் எழுதிய நாட்குறிப்பின் ஓரங்களில் சிறு சிறு நீர்வண்ணச் சித்திரங்கள் தீட்டினார். மணல் மேட்டில் விழும் மாலை வெயில், கஸ்பாவின் படிக்கட்டு, முக்காடிட்ட பெண், ஒரு காட்டுப் பூ — உள்ளங்கையில் அடங்கும் அளவில் இப்படி நூற்றுக்கணக்கான படங்கள்! ரஸ்கின் சொல்லிக் கொடுத்த கூர்ந்து நோக்கும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. புத்தகங்களுக்கும் தாமே படம் வரைந்தார். அரபு மக்களுக்காக அச்சிட்ட பிரசுரங்களை அவர்கள் கண்ணுக்கு இனிமையாக, வண்ணத்தோடும் அலங்காரத்தோடும் அமைக்கப் பாடுபட்டார்.

செடி கொடிகளிடமிருந்தே அவர் பக்திப் பாடமும் படித்தார். நம்மூர் மூக்குத்திப் பூவின் இனத்தைச் சேர்ந்தது டான்டிலியன் என்ற மஞ்சள் பூ. ஒரு நாள் அதிகாலை, காட்டின் இருண்ட மூலையில் பாதி வாடிய டான்டிலியன் ஒன்று சூரியனை நேருக்கு நேர் பார்த்துப் பொன்னாய் ஜொலிப்பதைக் கண்டார். மனம் பல நல்ல காரியங்களில் சிதறினால் எதிலும் ஒளி பிறக்காது; ஒன்றையே நோக்கித் திரும்பினால் வாடிய பூவும் ஜொலிக்கும் என்று ஒரு சிறு பிரசுரம் எழுதினார். அதைப் படித்து உருகித்தான் ஹெலன் லெமல் என்ற அம்மையார் இயேசுவை நோக்கிக் கண்களைத் திருப்பச் சொல்லும் ஆங்கில ஞானப்பாட்டை இயற்றினார். இன்று உலகெங்கும் சர்ச்சுகளில் அதைப் பாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு லிலியாஸின் பெயர் தெரியும்?

பலன் என்ன?

ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கணக்குப் பார்க்கிறவர்களுக்கு லிலியாஸின் ஊழியம் பெரிய வெற்றியாகத் தோன்றாது. மதம் மாறியவர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவே. மாறியவர்களையும் குடும்பம் விலக்கி வைத்தது, மிரட்டலுக்கு ஆளானார்கள். பிரெஞ்சு அரசாங்கமோ இந்த ஆங்கிலப் பெண்களை நீண்ட காலம் சந்தேகக் கண்ணோடு பார்த்தது.

அல்ஜீரியர்களின் மனத்தாங்கலிலும் நியாயமுண்டு. 1830-ல் பீரங்கியோடு வந்து இறங்கிய பிரெஞ்சுக்காரர்களை 1962-ல்தான் அவர்களால் வெளியேற்ற முடிந்தது. துப்பாக்கியோடு வந்த ஐரோப்பியனையும் வேதப் புத்தகத்தோடு வந்த ஐரோப்பியனையும் ஒரே கண்ணால் பார்த்தால், அது அவர்கள் குற்றமா? நம் நாட்டிலும் இந்தக் கேள்வி எழுந்ததுண்டு. லிலியாஸ் தம் காலத்து மனுஷி. தம் மதமே அவர்களுக்கும் வழி என்று உறுதியாக நம்பினார். ஆனால் ஆட்சியாளரின் மாளிகைப் பக்கம் அவர் குடியேறவில்லை. ஆளப்பட்டவர்களின் சந்திலே குடியேறினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு குறையும் சொல்வார்கள். பெண்களுக்கு ஓவியம் வராது என்றவரையே மனம் மாற்றிய கை அது. அது உயர்ந்திருந்தால் பின்னால் வந்த எத்தனையோ பெண்களுக்கு வழி திறந்திருக்குமே! அந்த ஆதங்கத்துக்குப் பதில் சொல்வது சுலபமல்ல.

லிலியாஸோ பலனைக் கணக்கிடவில்லை. ஒரு தேனீ பூக்களைத் தொட்டும் தொடாமலும் பறந்து போவதைப் பார்த்து ஆறுதல் அடைந்தவர் அவர். தேனீ தொட்ட இடத்தில் காய் பிடிக்கிறது. அதைப் பார்க்கத் தேனீ காத்திருப்பதில்லை!

மூவரோடு தொடங்கிய குழு 1907-ல் 'அல்ஜியர்ஸ் மிஷன் பேண்ட்' என்ற பெயர் பெற்றது. 1920 வாக்கில் 15 இடங்களில் 30 ஊழியர்கள் இருந்தார்கள். லிலியாஸின் பலவீனமான இருதயம் 1928 ஆகஸ்ட் வரை துடித்தது. கடைசி மூன்று ஆண்டுகள் படுக்கையில் கிடந்தபடியே எழுதினார், ஜெபித்தார். அல்ஜியர்ஸிலேயே கண் மூடினார். விதியின் விளையாட்டைப் பாருங்கள்: உடல் நிலை போதாது என்று அவரைத் தள்ளிய வட ஆப்பிரிக்க மிஷனோடு, அவர் வளர்த்த குழுவே 1964-ல் இணைந்தது.

வெகு காலம் அவரை உலகம் மறந்திருந்தது. பின்னர் வாழ்க்கை வரலாறு வந்தது. 2015-ல் 'மெனி பியூட்டிஃபுல் திங்ஸ்' என்ற ஆவணப் படமும் வந்தது. நாட்குறிப்பின் ஓரத்திலிருந்த சின்னஞ்சிறு படங்கள் இப்போது பெரிய திரையில் தெரிகின்றன.

ரஸ்கின் சொன்னபடி லிலியாஸ் தலைசிறந்த ஓவியராகியிருப்பாரா? யாராலும் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் நிச்சயம். தம்மிடமிருந்த விலையுயர்ந்த பொருள் எது என்று தெரிந்தே அவர் கொடுத்தார். வேண்டாத பழைய துணியை மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டு 'தானம் செய்தேன்' என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு, அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.