துப்பாக்கி விசை: அமெரிக்காவில் வழக்கு, நம் நாட்டில் சிறை

கடந்த மாதம் குடும்ப விருந்து ஒன்றில் மாமா மகன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். பதினெட்டு வயது. அமெரிக்கர் ஒருவர் தம் ரைஃபிளில் பழைய விசையைக் கழற்றிவிட்டுப் புதிய விசை ஒன்றைப் பொருத்திச் சடசடவென்று சுடும் காணொளி அது. "அக்கா, இது துப்பாக்கிகூட இல்லை. உள்ளங்கை அளவு இரும்புத் துண்டு. சட்டப்படி சரிதான் என்று அவரே சொல்கிறார். வாங்கி மேசையில் வைத்தால் என்ன?" என்று கேட்டான்.

அந்தக் காணொளிக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் ஊரில் அது சரியாக இருக்கலாம். ஆனால் அந்தச் 'சரி'க்குப் பின்னால் ஏறக்குறைய 90 ஆண்டு வழக்கு இருக்கிறது. அந்தக் கதை நம் ஊர் எல்லைக்கு வெளியே முடிந்துவிடுகிறது என்பதைத்தான் அவர் சொல்லவில்லை.

அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டு தேசிய சுடும் ஆயுதச் சட்டம் வந்தது. இயந்திரத் துப்பாக்கி எது என்பதை அது ஒரே வாக்கியத்தில் வரையறுத்தது. விசையின் ஒரே செயல்பாட்டில், மீண்டும் கையால் குண்டு நிரப்பாமல், தானாகவே ஒன்றுக்கு மேற்பட்ட முறை சுடும் ஆயுதம் எதுவோ அதுவே இயந்திரத் துப்பாக்கி. 1986ஆம் ஆண்டு மே மாதத்திற்குப் பிறகு தயாரான இயந்திரத் துப்பாக்கியைப் பொதுமக்கள் வைத்திருக்கவே கூடாது. மீறினால் 10 ஆண்டு வரை சிறை.

'விசையின் ஒரே செயல்பாடு' என்றால் என்ன? சிக்கல் இங்கேதான். சுடுபவரின் விரல் ஒருமுறை அசைவதா, துப்பாக்கிக்குள் இருக்கும் விசை ஒருமுறை இயங்குவதா? தொல்காப்பியச் சூத்திரம் ஒன்றுக்கு இளம்பூரணர் ஒரு பொருளும் சேனாவரையர் வேறு பொருளும் சொல்வதைப் பல்கலைக்கழகத்தில் படித்திருக்கிறோம். இதுவும் அப்படிப்பட்ட உரைச் சண்டைதான். ஆனால் இங்கே உரை மாறினால் ஒருவர் சிறைக்குப் போவார், அல்லது வீதியில் பலர் சாவார்கள்.

2017 அக்டோபர் 1ஆம் தேதி இரவு லாஸ் வேகாஸ் நகரில் திறந்தவெளி இசை விழா நடந்துகொண்டிருந்தது. பக்கத்து ஹோட்டலின் மாடி அறையிலிருந்து ஒருவன் கூட்டத்தை நோக்கிச் சுட்டான். சுமார் பத்து நிமிடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகள். அன்று 58 பேர் இறந்தார்கள். பின்னர் காயத்தால் இறந்தவர்களையும் சேர்த்து எண்ணிக்கை 60 ஆனது. அவன் வைத்திருந்த ரைஃபிள்கள் பலவற்றில் 'பம்ப் ஸ்டாக்' என்ற பிளாஸ்டிக் பின்கட்டை பொருத்தப்பட்டிருந்தது. துப்பாக்கி சுட்டதும் பின்னால் உதைக்குமல்லவா? அந்த உதையைப் பயன்படுத்தி, அசையாத விரலின்மீது விசையை மறுபடியும் மறுபடியும் மோதவைக்கும் சாதனம் அது.

அதுவரை அமெரிக்காவின் ஆயுதக் கட்டுப்பாட்டுத் துறை பத்து தடவைக்கு மேல், "பம்ப் ஸ்டாக் இயந்திரத் துப்பாக்கி அல்ல" என்றே கடிதம் கொடுத்து வந்தது. லாஸ் வேகாஸ் சம்பவத்துக்குப் பிறகு, அதிபர் டிரம்ப்பின் முதல் ஆட்சியில், அதே துறை தன் கருத்தை மாற்றிக்கொண்டது. 2019 மார்ச் மாதத்திற்குள் வைத்திருப்பவர்கள் அழித்துவிட வேண்டும் அல்லது ஒப்படைக்க வேண்டும் என்றது. நேற்றுவரை கடையில் விற்ற பொருள் மறுநாள் சிறைக்குரிய குற்றமானது. சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, அதிகாரிகளின் உரைதான் மாறியது.

டெக்சஸில் துப்பாக்கிக் கடை நடத்தும் மைக்கேல் கார்கில் தம்மிடமிருந்த இரண்டு பம்ப் ஸ்டாக்குகளை ஒப்படைத்துவிட்டு வழக்குத் தொடுத்தார். 2024 ஜூன் 14ஆம் தேதி உச்சநீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. ஒவ்வொரு குண்டுக்கும் விசை மறுபடி இயங்கியே ஆக வேண்டும், ஆகவே இது 'ஒரே செயல்பாடு' அல்ல என்று நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதினார். சுடுபவர் விரலை ஒருமுறை வைத்துத் துப்பாக்கியை முன்னே அழுத்தினால் போதும், குண்டுகள் தொடர்ந்து வரும், சாதாரண மனிதர் கண்ணுக்கு அது இயந்திரத் துப்பாக்கிதான் என்று சோனியா சோட்டோமேயர் எதிர்த்தீர்ப்பில் வாதிட்டார். சொல்லுக்குப் பொருள் காணும் முறையில் எனக்கு இரண்டாவதே நெருக்கமாகப் படுகிறது. ஆனால் தண்டனைச் சட்டத்தை அதிகாரிகள் நினைத்தபடி நீட்டக்கூடாது என்ற கவலையையும் தள்ளிவிட முடியவில்லை. வேண்டுமானால் நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்தலாம் என்று நீதிபதி அலிட்டோ தனியாகக் குறிப்பிட்டார்.

இனி, மாமா மகன் காட்டிய விசை. அதை ஆங்கிலத்தில் 'போர்ஸ்டு ரீசெட் டிரிகர்' என்கிறார்கள். சுட்டு முடித்ததும் துப்பாக்கியே விசையை முன்னே தள்ளிவிடும். விரல் அழுத்தியபடி இருந்தால் அடுத்த குண்டு கிளம்பும். இதைப் பெரிய அளவில் விற்ற நிறுவனத்துக்கு 2021இல் அரசு தடைக் கடிதம் அனுப்பியது. பிறகு நடந்தது விசித்திரம். நியூயார்க்கில் ஒரு நீதிபதி இதை இயந்திரத் துப்பாக்கி என்ற கோணத்தில் பார்த்து விற்பனையை நிறுத்தினார். 2024 ஜூலையில் டெக்சஸ் நீதிபதி ஒருவர், கார்கில் தீர்ப்பைக் காட்டி, இல்லை என்றார். 2025 மே மாதம் மத்திய அரசு அந்த நிறுவனத்துடன் சமரசம் செய்துகொண்டு, பறித்த விசைகளைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. கைத்துப்பாக்கிக்கு அப்படிப்பட்ட விசை செய்யமாட்டோம் என்று நிறுவனமும் ஒப்புக்கொண்டது. ஆனால் பல மாநிலங்களில் தனிச் சட்டம் இருப்பதால் அங்கே அது இன்றும் தடைதான். ஒரே பொருள், ஒரே நாடு, மாநில எல்லையைத் தாண்டினால் குற்றம்.

இந்தச் சர்ச்சைகளுக்கு நடுவிலும் அங்கே ஒன்று தெளிவாக இருக்கிறது. சாதாரணத் துப்பாக்கியை இயந்திரத் துப்பாக்கியாக மாற்றுவதற்கென்றே செய்த உதிரிப்பாகம், எந்தத் துப்பாக்கியிலும் பொருத்தாமல் சட்டைப்பையில் கிடந்தாலும், சட்டப்படி இயந்திரத் துப்பாக்கிதான். 'வெறும் இரும்புத் துண்டு' என்ற வாதம் அமெரிக்காவிலேயே எப்போதும் செல்லாது.

மலேசியாவில் அந்த வாதத்துக்கு இடமே இல்லை. நம் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் துப்பாக்கியின் உதிரிப்பாகத்தையும் சேர்த்தே வரையறுக்கிறது. காற்றுத் துப்பாக்கியும் அதில் அடக்கம். விசை எத்தனை முறை இயங்குகிறது என்று இங்கே யாரும் எண்ணப்போவதில்லை. உரிமம் இருக்கிறதா, இல்லையா என்பதே முதல் கேள்வி. உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்தால் ஏழாண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும். இதே குற்றத்துக்கு 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் (கடும் தண்டனை) சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானால் 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. பொட்டலம் வெளிநாட்டிலிருந்து வந்தால் அனுமதியின்றி இறக்குமதி செய்த பிரச்சினை தனி.

நம் பிள்ளைகள் அதிகம் மாட்டக்கூடிய இடம் இன்னொன்று. 'ஜெல் பிளாஸ்டர்' என்று இணையத்தில் விற்கும், தண்ணீர் உருண்டை சுடும் விளையாட்டுத் துப்பாக்கி. பார்வைக்கு நிஜத் துப்பாக்கிபோல இருந்தால் அது ஆயுதச் சட்டத்தின் 36ஆவது பிரிவில் வரும் 'போலி ஆயுதம்'. சுடுமா சுடாதா என்பது பொருட்டல்ல. ஓராண்டு வரை சிறை, 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும். இணையக் கடையில் பகிரங்கமாக விற்கிறார்களே என்று நீதிமன்றத்தில் சொல்வது காப்பாற்றாது.

தோட்டப்புறத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. காட்டுப்பன்றி விரட்ட உரிமத்தோடு வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அந்த உரிமம் ஓர் ஆளுக்கு, ஓர் ஆயுதத்துக்கு. தாத்தா காலமான பிறகு "அவர் ஞாபகமாக இருக்கட்டும்" என்று அலமாரியில் வைத்தால், வைத்திருப்பவர் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பவர் ஆகிவிடுகிறார். உடனே போலீஸ் நிலையத்துக்குத் தெரிவித்து, துப்பாக்கியையும் தோட்டாக்களையும் ஒப்படைத்துவிட்டு, வாரிசு பெயரில் வேண்டுமென்றால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். விசை தளர்ந்துவிட்டது, கட்டை உடைந்துவிட்டது என்றாலும் பட்டறைக்காரரிடம் கொடுத்துச் சரிசெய்யக்கூடாது. ஆயுதம் பழுதுபார்க்க உரிமம் பெற்ற வியாபாரிகள் இருக்கிறார்கள்.

மாமா மகனிடம் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிவிட்டது. அவன் அந்த விசையை ஏற்கெனவே இணையக் கூடையில் போட்டு வைத்திருந்தான், பணம் மட்டும்தான் கட்டவில்லை. என் எதிரிலேயே நீக்கினான். "அப்பாவிடம் சொல்லாதீங்க அக்கா" என்றான். மாமாவுக்கு இதைப் படிக்கும் பழக்கம் உண்டு.