காசு கொடுத்தவருக்குத் திறக்காத பூட்டு

2008 நவம்பர். அமெரிக்காவில் ஒருவர் தன் தோழியோடு எஸ்எம்எஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தார். கையில் இருந்தது ஹெச்டிசி தயாரித்து டி-மொபைல் விற்ற 'ஜி1', கடைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டு போன். நடுவில் சற்று நேரம் பதிலைக் காணோமே என்று தோழி கேட்க, போனை அணைத்துப் போட்டேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்ல 'ரீபூட்' என்று மட்டும் தட்டினார். உடனே போன் நிஜமாகவே அணைந்து, மறுபடி எழுந்தது.

போனுக்குள் கட்டளை வாங்கும் நிரல் ஒன்று யார் கண்ணிலும் படாமல் விழித்திருந்தது. விசைப்பலகையில் எதைத் தட்டினாலும், அது தோழிக்குப் போகும் செய்தியானாலும், இந்த நிரலுக்கும் ஒரு நகல் போனது. அதுவும் 'ரூட்' அதிகாரத்தோடு. ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருக்கும் லினக்ஸ் அமைப்பில் ரூட் என்பவர் எந்தக் கோப்பையும் தொடலாம், எதையும் அழிக்கலாம், தடுக்க ஆளில்லை. கூகுள் அவசரமாகத் திருத்தம் அனுப்பியது. ஆனால் ஒரு கூட்டம் நேர் எதிர்த் திசையில் ஓடியது. திருத்தம் ஏறிய போனைப் பழைய பதிப்புக்கே இறக்கி, அடைபட்ட ஓட்டையைத் திரும்ப வரவழைத்து, அதன் வழியாக உள்ளே போனார்கள். திருட வந்தவர்கள் அல்ல. போனைக் காசு கொடுத்து வாங்கியவர்கள்.

இதில் நான்கு விஷயங்களைப் போட்டுக் குழப்புவது வழக்கம். போனை ஆன் செய்ததும் முதலில் எழுவது பூட்லோடர். அடுத்து எதை இயக்கலாம் என்று முடிவு செய்வது அதுதான். தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையெழுத்து இருந்தால் வழிவிடும், இல்லாவிட்டால் மறிக்கும். ரெகவரி என்பது இயங்குதளத்துக்கு வெளியே இருக்கும் சின்னப் பகுதி. அப்டேட் ஏற்றுவதும் ஃபேக்டரி ரீசெட் செய்வதும் அதன் வேலை. கம்பெனி ரெகவரி கம்பெனி கையெழுத்திட்ட கோப்பைத்தான் ஏற்றும். அதற்குப் பதில், எதைக் கொடுத்தாலும் ஏற்றும் ரெகவரியை வைத்துவிட்டால் முழு இயங்குதளத்தையும் மாற்றலாம். கௌஷிக் தத்தாவின் 'க்ளாக்வொர்க்மாட்', பிறகு டீம்வின் குழுவின் 'டி.டபிள்யூ.ஆர்.பி.' இரண்டும் அந்த ரகம். அப்படி ஏற்றப்படும் மாற்று இயங்குதளம் கஸ்டம் ராம். ரூட் இதிலிருந்து தனி: இருக்கும் இயங்குதளத்திலேயே உச்ச அதிகாரம் வாங்குவது.

எதற்கு இவ்வளவு பாடு? 2010, 2011 வாக்கில் ஆண்ட்ராய்டு வாங்கிய தமிழரிடம் இதற்கு நேரடியான பதில் இருந்தது: தமிழ் படிக்க. அப்போதைய பல போன்களில் தமிழ் இணையதளத்தைத் திறந்தால் வரிசையாகக் கட்டங்கள்தான் தெரியும். ஓபரா மினி உலாவியில் 'ஓபரா:கான்ஃபிக்' என்று தட்டி, எழுத்துகளைப் படமாக மாற்றி அனுப்பும் அமைப்பை முடுக்கிவிடுவது ஒரு குறுக்குவழி. அந்த ரகசியம் நண்பர்களுக்குள் கைமாறிக்கொண்டே இருந்தது. உலாவிக்கு வெளியிலும் தமிழ் வேண்டுமானால் ரூட் செய்து, சிஸ்டம் கோப்புறையில் இருந்த எழுத்துருவை எடுத்துவிட்டு அதே பெயரில் தமிழ் எழுத்துருவை வைக்க வேண்டும். அப்போதும் பாதி வெற்றிதான். எழுத்துகளைக் கோத்து அடுக்கும் வேலை உள்ளே நடக்காததால், முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய்த் தொங்கும். கட்டத்துக்கு அது எவ்வளவோ மேல் என்று அப்படியே படித்துப் பழகிக்கொண்டார்கள்.

அடுத்த காரணம், இடம். 2011இல் வந்த சாம்சங் கேலக்ஸி ஒய்யில் ஆப்களுக்கென இருந்த உள்சேமிப்பு 200 எம்.பி.கூட இல்லை. அழிக்க முடியாதபடி கம்பெனி திணித்த ஆப்கள் வேறு. வேண்டாததைத் தூக்கவும், மெமரி கார்டைப் பிரித்து ஆப்களை அங்கே குடியேற்றவும் ரூட் தேவைப்பட்டது.

அன்றைக்கு ரூட் என்றால் ஏதாவது ஒரு பிழையைக் கண்டுபிடித்துப் பயன்படுத்துவதுதான். அவற்றில் என்னை இன்றும் சிரிக்கவைப்பது 2010இல் செபாஸ்டியன் க்ராமர் எழுதிய 'ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி கேஜ்'. கணினியோடு போனைப் பேசவைக்கும் 'ஏடிபி' சேவை ரூட்டாகத்தான் பிறக்கும். பிறந்த கையோடு அதிகாரத்தைத் துறந்து சாதாரணப் பயனராக இறங்கிக்கொள்ளும். ஒரு பயனர் பெயரில் ஒரே சமயத்தில் இத்தனை நிரல்கள்தான் ஓடலாம் என்று வரம்பு உண்டு. க்ராமரின் நிரல் அந்தச் சாதாரணப் பயனர் பெயரில் வெற்று நிரல்களை வரம்பு முட்டும்வரை கிளப்பிவிட்டு, ஏடிபியைக் கொல்லும். ஏடிபி மறுபடி ரூட்டாகப் பிறக்கும், இறங்கப் பார்க்கும், கீழே இடமில்லை. இறங்கியாயிற்றா என்று சரிபார்க்கும் வரியை எழுதியவர்கள் விட்டுவிட்டார்கள். ராஜினாமாக் கடிதம் ஏற்கப்படாததால் பதவியில் நீடிக்கும் மந்திரி மாதிரி, ஏடிபி ரூட்டாகவே வேலையைத் தொடரும். கேட்டதையெல்லாம் செய்து கொடுக்கும்.

2014 ஜூனில் ஜார்ஜ் ஹாட்ஸ் விட்ட 'டவல்ரூட்'டுக்குக் கணினியே வேண்டாம். ஒரு ஆப், ஒரு பொத்தான். லினக்ஸ் கெர்னலில் அப்போதுதான் வெளிப்பட்டிருந்த ஒரு பிழையை அது பயன்படுத்தியது. அந்தக் காலத்துப் போன்கள் பலவும் அதற்கு விழுந்தன. கொண்டாடினார்கள். ஆனால் ஒரு ஆப்பைத் தட்டி நான் உச்ச அதிகாரம் வாங்க முடியுமென்றால், டார்ச் லைட் என்று பெயர் சூட்டிக்கொண்டு வரும் இன்னொரு ஆப்பும் நான் அறியாமலே அதையே வாங்க முடியும். ரூட் ரசிகர்கள் இந்தப் பக்கத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கம்பெனிகள் ஓட்டையை அடைத்ததில் வியாபாரக் கணக்கு மட்டும் இருந்ததாகச் சொல்வது நியாயமாகாது.

கஸ்டம் ராம் கதை இன்னும் சுவையானது. ஆண்ட்ராய்டின் மூலநிரல் திறந்தது. லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் உரிமத்தில் இருப்பதால், போன் கம்பெனிகள் அதில் செய்த மாற்றங்களை வெளியிட்டாக வேண்டும். இந்த இரண்டையும் கொண்டு ஜி1 போனுக்குத் தனிப் பதிப்பு தயாரித்தவர்களில் ஒருவர் ஸ்டீவ் கொண்டிக். இணையத்தில் அவருக்குப் பெயர் 'சயனோஜென்'. 2009 செப்டம்பரில் கூகுள் அவருக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஆண்ட்ராய்டு உங்களுக்கும் சொந்தம், ஜிமெயிலும் யூடியூபும் ஆப் கடையான மார்க்கெட்டும் எங்களுக்கு மட்டும் சொந்தம் என்பது அதன் சாரம். அந்த ஆப்களை அவர் நீக்கினார். கஸ்டம் ராம் போடுபவர்கள் இன்றும் கூகுள் ஆப்களை 'ஜிஆப்ஸ்' என்று தனிக் கோப்பாக ஏற்றுவதற்கு இதுதான் காரணம்.

2013இல் சயனோஜென் என்ற பெயரிலேயே ஒரு கம்பெனி எழுந்தது. அடுத்த ஆண்டு வந்த ஒன்பிளஸ் ஒன் போனில் அதன் இயங்குதளம் கடையிலேயே ஏறி வந்தது. பிறகு இந்தியாவில் அதன் பிரத்யேக உரிமையை மைக்ரோமேக்ஸுக்குக் கொடுத்தார்கள். ஒன்பிளஸ்ஸும் இங்கே விற்க வந்தது. 2014 டிசம்பரில் விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் போய், ஒன்பிளஸ் விற்பனைக்குத் தடை விழுந்து, சில நாட்களில் விலகியது. வாழ்வில் ஒருமுறைகூடப் போனில் கஸ்டம் ராம் ஏற்றாதவர்கள் செய்தித்தாளில் சயனோஜென் பெயரைப் படித்தார்கள். கூகுளிடமிருந்து ஆண்ட்ராய்டைப் பறிக்கப்போகிறோம் என்று 2015இல் அதன் தலைமை அதிகாரி மேடையில் பேசினார். 2016 டிசம்பர் 31 அன்று கம்பெனியின் சேவைகளே நின்றுபோயின. கம்பெனியாகாமல் தன்னார்வலர் கையில் மிஞ்சிய நிரல்தான் 'லினியேஜ் ஓஎஸ்' என்ற பெயரில் இன்னும் ஓடுகிறது.

கஸ்டம் ராம் ஆட்கள் சாதித்தது சின்னதல்ல. 2009இல் விண்டோஸ் மொபைல் 6.5 உடன் வந்த ஹெச்டிசி ஹெச்டி2 ஓர் உதாரணம். அதன் இயங்குதளத்தை அதற்கடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் கைகழுவியது. அந்தப் போனில் ஆண்ட்ராய்டை ஏற்றி, புதிய பதிப்பு வர வர அதையும் ஏற்றி, பல ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தார்கள். கம்பெனி விண்டோஸுக்கென விற்ற வன்பொருள் அது.

ஓட்டைகள் அருகிய பிறகு கம்பெனிகளே சாவி கொடுக்கும் காலம் வந்தது, நிபந்தனைகளோடு. ஷாவ்மியில் அனுமதி கேட்டு, பல மாடல்களுக்கு 168 மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஹுவாவே 2018இல் சாவி தருவதையே நிறுத்தியது. சாம்சங் திறக்கவிட்டது, ஆனால் உள்ளே ஒரு மின் ஃபியூஸ் வைத்தது: அங்கீகாரமற்ற மென்பொருள் ஒருமுறை ஏறினால் அது எரியும், எதைச் செய்தாலும் திரும்ப ஒட்டாது. பழைய ராமுக்கே வந்துவிட்டாலும் சாம்சங் பே போன்றவை அந்தப் போனில் வேலை செய்யாது.

பூட்லோடரைத் திறந்தால் போனில் உள்ள எல்லாம் அழியும். தண்டனை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது காவல். போனைத் திருடியவர் பூட்லோடரைத் திறந்து, மாற்று ரெகவரி போட்டு, உங்கள் படங்களையும் கடிதங்களையும் எடுத்துவிடக் கூடாதே.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 'சாஃப்ட்வேர் போடணும்' என்று கொண்டுவரப்படும் போன்களுக்கும் ஒரு வகைப்பாடு உண்டு. 'லோகோவுலயே நிக்குது' என்றால் பிழைக்கும். ரெகவரி வழியாகவோ பூட்லோடரின் ஃபாஸ்ட்பூட் வழியாகவோ சரியான ராமை ஏற்றினால் எழுந்துவிடும். 'டெட்' என்றால் கஷ்டம். மாடல் பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று வேறு மாடலின் கோப்பை ஏற்றுவது, பாதியில் கேபிளைப் பிடுங்குவது, சார்ஜ் இல்லாமல் ஆரம்பிப்பது என்று டெட் ஆக வழிகள் பல. ஐஎம்இஐ எண்ணைச் சார்ந்த தகவல் இருக்கும் பகுதி கெட்டால், போன் எழும், படம் எடுக்கும், பாட்டுப் பாடும். அழைப்பு மட்டும் போகாது. அந்தப் பகுதியையும் சேர்த்து முதலிலேயே பேக்கப் எடுத்து, போனுக்கு வெளியே வைப்பவர்களே இதில் நிலைத்தவர்கள்.

2018இல் ரெட்மி நோட் 5 ப்ரோ வைத்திருந்தவர்கள் வேறு மாதிரி மாட்டினார்கள். பழைய பதிப்புக்கு இறங்குவதைத் தடுக்கும் பாதுகாப்பை ஷாவ்மி ஓர் அப்டேட்டில் நுழைத்திருந்தது. வழக்கம்போல் பழைய ராமை ஏற்றியவர்களின் போன் கல்லாயிற்று. மீட்கும் வழியைத் திறக்க ஷாவ்மியின் அனுமதி பெற்ற கணக்கு வேண்டும். சாதாரண ஆளிடம் அது ஏது? 2008இல் ஜி1 காரர்களைக் காப்பாற்றிய அதே தந்திரத்துக்குப் பத்தாண்டில் இந்த முடிவு.

உண்மையான திருப்பம் பூட்டில் நடக்கவில்லை, பூட்டு திறந்திருக்கிறதா என்று கேட்பவர்களிடம் நடந்தது. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7, இயங்குதளத்தில் யாராவது கைவைத்தார்களா என்று போனை முடுக்கும்போதே கறாராகச் சோதிக்கத் தொடங்கியது. அதே ஆண்டு தைவானைச் சேர்ந்த ஜான் வூ 'மேஜிஸ்க்'கை வெளியிட்டார். சிஸ்டம் பகுதியைத் தொடாமல், தொடக்கத்தில் ஏறும் பூட் கோப்பை மட்டும் மாற்றி ரூட் தருவது அது. ரூட் இருப்பதை வங்கி ஆப்களிடம் மறைக்கவும் கற்றிருந்தது. சில ஆண்டுகள் கூகுள் கண்டுபிடிப்பதும் மேஜிஸ்க் ஒளிவதுமாகப் போனது. 2021இல் ஜான் வூ கூகுளின் ஆண்ட்ராய்டு பாதுகாப்புக் குழுவிலேயே வேலைக்குச் சேர்ந்தார். மேஜிஸ்க்கின் மறைக்கும் வசதியைத் தானே எடுத்தார். ரூட் தரும் வேலையை அது நிறுத்தவில்லை.

ஆட்டம் இப்போது ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. போனின் பாதுகாப்புச் சில்லில் வெளியே எடுக்க முடியாத ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. பூட்லோடர் பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று அந்தச் சில்லே கையெழுத்திட்டுச் சொல்லும். ஆப்பிடம் பொய் சொல்லலாம். சில்லின் கையெழுத்தைப் போலியாக்குவது வேறு வேலை. இந்திய ரிசர்வ் வங்கியும் 2021 பிப்ரவரியில் வெளியிட்ட டிஜிட்டல் பணப் பரிமாற்றப் பாதுகாப்பு விதிகளில், ரூட் செய்த போனில் ஆப் இயங்காதபடி தடுக்கும் சாத்தியத்தை ஆராயுமாறு வங்கிகளிடம் சொன்னது. டீக்கடைக்கே யுபிஐயில் கொடுக்கும் ஊரில், வங்கி ஆப் திறக்காத போனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆகவே அன்றாடம் பயன்படுத்தும் போனை இன்று ரூட் செய்வது, பெரும்பாலானோருக்கு, லாபமில்லாத வேலை என்பதே என் எண்ணம். தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. இடம் இருக்கிறது. கூகுள் பிக்ஸல் 8க்கும் சாம்சங் கேலக்ஸி எஸ்24க்கும் ஏழு ஆண்டு அப்டேட் என்று அறிவித்திருக்கிறார்கள். பாதுகாப்புக்காக மாற்று இயங்குதளம் வேண்டுபவர்களுக்குக்கூட ரூட் விடையல்ல. பிக்ஸல் போன்களில் மட்டும் ஓடும் 'க்ராபீன் ஓஎஸ்' ரூட்டை ஏற்பதில்லை. பூட்லோடரைத் திறந்து, தன்னை ஏற்றியபின், தன் சாவியால் மறுபடி பூட்டிக்கொள்ளச் சொல்கிறது. பூட்டு கெட்டதல்ல, சாவி யாரிடம் என்பதே விஷயம் என்று புரிந்துகொண்டவர்கள் அவர்கள்.

மலிவு விலை போன்களின் கதை வேறு. பல மாடல்களுக்கு இரண்டு, மூன்று ஆண்டில் அப்டேட் நின்றுவிடுகிறது. பேட்டரியும் திரையும் நன்றாகத்தான் இருக்கும். அந்த நாளிலிருந்து அதைக் காப்பாற்றும் பொறுப்பை விட்ட கம்பெனி, சாவியை மட்டும் ஏன் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்? அமெரிக்காவில் போனை இப்படித் திறப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 2010இலேயே விலக்கு அளித்தார்கள். ஆனால் திறக்கலாம் என்ற அனுமதி வேறு, திறக்க வழி கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் வேறு. 2025இல் ஒன் யூஐ 8 வந்தபோது, சாம்சங் போன்களில் பூட்லோடரைத் திறக்கும் தேர்வே அமைப்புகளிலிருந்து காணாமல் போனது.

புதிய போன் வாங்குபவர்கள் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கும் நேரத்தில் இதையும் பார்க்கலாம். அமைப்புகளில் 'பில்ட் நம்பர்' என்ற இடத்தை ஏழு முறை தட்டினால் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' திறக்கும். அங்கே 'ஓஇஎம் அன்லாக்கிங்' என்று ஒன்று இருக்கிறதா, லினியேஜ் ஓஎஸ் பட்டியலில் அந்த மாடல் உண்டா என்று தேடுங்கள். இருந்தால் இப்போது தொட வேண்டாம். கம்பெனி அப்டேட்டை நிறுத்திய பிறகு, போன் வீட்டில் இரண்டாவது போனாக மாறியதும் பார்த்துக்கொள்ளலாம்.