உங்களுக்குத் தெரியுமா? மஞ்சள் கேசட்டில் மாரியோ!

90களில் முழுப் பரீட்சை லீவு விட்டால் கொங்கு நாட்டு வீடுகளில் டிவிக்கு ஓய்வு கிடையாது. கோவை கிராஸ் கட் ரோட்டிலோ டவுன்ஹால் பக்கமோ வாங்கிய டிவி கேம், அதோடு ஒரு மஞ்சள் கேசட். "ஏஞ்சாமி, டிவி சூடாயிருச்சு, நிறுத்து" என்று அம்முச்சி சத்தம் போடும்வரை ஓட்டமும் தாவலும்தான். அந்த விளையாட்டுகள் இப்போது 'கலெக்‌ஷன்' என்ற பெயரில், உரிமையோடு, தொகுப்பாக விற்பனைக்கு வருகின்றன. மறுபடி ஆடிப் பார்க்கிறவர்களுக்காக இந்தத் துணுக்குகள்.

● இப்போது ஆடும்போது மாரியோ முன்னைவிட வேகமாக ஓடுகிற மாதிரி தெரிகிறதா? வயசாகிவிட்டது என்று கவலைப்படாதீர்கள், நிஜமாகவே வேகம்தான். ஜப்பான் டிவியில் நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படும். நம் நாட்டுப் பழைய டிவி 'பால்' முறை, நொடிக்கு 50தான். மாரியோவின் ஓட்டம், ஆமையின் நடை, பாட்டின் தாளம், ஓரத்தில் ஓடும் நேரக் கணக்கு எல்லாமே இந்தப் புதுப்பித்தலை எண்ணித்தான் நகரும். ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் அன்று பால் முறைதான். அங்கே விற்ற மாரியோவை நிண்டெண்டோ அதற்கேற்பத் திருத்திக் கொடுத்தது. நம் கேசட்டுகளுக்கு அப்படித் திருத்த யார் இருந்தார்கள்? 60க்கு எழுதியதை அப்படியே 50இல் ஓட்டினோம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் கட்டத்தில் 400 என்று தொடங்கும் நேரம், 24 முறை திரை புதுப்பித்தால் ஒன்று குறையும். ஜப்பானியச் சிறுவனுக்கு அந்த 400 தீர 160 நொடி. பொள்ளாச்சிச் சிறுவனுக்கு 192 நொடி. எல்லாமே சேர்ந்து மெதுவானதால் கூடுதல் தூரம் ஒன்றும் ஓட முடியாது. ஆனால் பள்ளத்தின் விளிம்பில் தாவலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க நமக்கு ஒரு மூச்சு அதிகம் கிடைத்தது. கோஜி கோண்டோ அமைத்த அந்தப் புகழ்பெற்ற மெட்டையும் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைத்தே கேட்டு வளர்ந்தோம். ஒரிஜினலைக் கேட்டால் ஏதோ அவசரத்தில் வாசிக்கிற மாதிரி இருப்பது அதனால்தான்.

● சாமுராய், லிட்டில் மாஸ்டர், மைக்ரோ ஜீனியஸ், டெர்மினேட்டர் எனப் பொட்டியின் பெயர் என்னவாக இருந்தாலும் உள்ளே இருந்த சரக்கு ஒன்றுதான்: 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட 'ஃபேமிகாம்' கருவியின் குடும்பம். பெரும்பாலும் நகல்கள். மைக்ரோ ஜீனியஸை உருவாக்கியது தைவான் நிறுவனம். இதே சாதி நகல் ரஷ்யாவில் 'டெண்டி', போலந்தில் 'பெகாசஸ்'. திருப்பூர்ப் பையனும் மாஸ்கோ பையனும் ஒரே பள்ளத்தில்தான் விழுந்து செத்தார்கள்.

● '9999 இன் 1' என்ற ஸ்டிக்கரை நம்பி வாங்கியவர் நீங்கள் மட்டும் அல்ல. ஒரு கேசட்டில் நிஜமாக இருந்தவை பல சமயம் விரல் விட்டு எண்ணக்கூடிய விளையாட்டுகளே. மாரியோ முதல் உலகத்தில் தொடங்கினால் அது ஒரு எண். அதே மாரியோ மூன்றாம் உலகத்தில் தொடங்கினால் இன்னொரு எண், இன்னொரு பெயர். தொடக்க மதிப்பு ஒன்றை மாற்றிவிட்டால் புது விளையாட்டு தயார்! ஏமாற்று வேலைதான். ஆனாலும் ஒரு நன்மை இருந்தது. கடைசிக் கட்டம் வரை போகத் திறமை இல்லாதவனும் அதைப் பார்த்துவிட்டான்.

● 1985 செப்டம்பர் 13 அன்று வெளியான 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழுவதும், 8 உலகம், 32 கட்டம், பாட்டு, படம் எல்லாம் சேர்த்து, 40 கிலோபைட்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் 'காலை வணக்கம்' படம் ஒன்றே இதைவிடப் பெரிது. இடத்தை மிச்சம் பிடித்த விதம் அழகு: வானத்து மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். ஒருமுறை தெரிந்துவிட்டால் பிறகு அது கண்ணை விட்டுப் போகாது.

● கொடிக் கம்பத்தைப் பிடித்துக் கட்டத்தை முடிக்கும்போது சில சமயம் வாணவேடிக்கை, சில சமயம் ஒன்றுமில்லை. ஏன்? நேரத்தின் கடைசி இலக்கம் 1, 3, 6 ஆக இருந்தால் மட்டும் அத்தனை வெடிகள். ஒவ்வொன்றுக்கும் 500 புள்ளி. நாம் இதை அதிர்ஷ்டம் என்று நினைத்துத் தெருவில் பந்தயமே கட்டினோம்.

● மூன்றாம் உலகத்தின் முதல் கட்டமான 3-1 இன் கடைசிப் படிக்கட்டில் ஆமை ஓட்டின்மேல் குதித்துக் குதித்து உயிர் சேர்த்தீர்களா? 127 வரை தாங்கும். அதற்கு மேலும் சேர்த்துக்கொண்டே போய்ச் செத்தால் எண்ணிக்கை எதிர்மறைக்குப் போய்விட்டதாக எந்திரம் நினைத்து, ஆட்டத்தையே முடித்துவிடும். பேராசைக்குத் தண்டனை, 8 பிட் கணக்கில்.

● 1-2 இல் கூரைமேல் ஓடி 2, 3, 4 என்று எழுதிய குழாய்களுக்குப் போகும் குறுக்கு வழி எல்லோருக்கும் தெரியும். அதே இடத்தில் சுவரை ஊடுருவிப் போய், எண்கள் திரையில் வருவதற்குள் குழாய்க்குள் இறங்கினால் 'உலகம் -1' என்று காட்டும். முடிவே இல்லாத தண்ணீர்க் கட்டம் அது. கடைசிக் குழாயில் நுழைந்தால் மறுபடி தொடக்கத்துக்கே வரும். உண்மையில் அது 36ஆம் உலகம். 36ஆவது எழுத்து அந்த விளையாட்டில் வெற்றிடம் என்பதால் எண் தெரியாமல் கோடு மட்டும் தெரிகிறது.

● மாரியோ என்ற பெயர் ஒரு வாடகை விவகாரத்தில் கிடைத்தது. அமெரிக்காவில் நிண்டெண்டோ எடுத்திருந்த கிடங்கின் உரிமையாளர் மாரியோ செகாலே. 1981இல் 'டாங்கி காங்' விளையாட்டில் 'ஜம்ப்மேன்' என்று அறிமுகமானவருக்கு அவர் பெயரை வைத்தார்கள். தொப்பிக்குக் காரணம், அத்தனை சின்னப் படத்தில் தலைமுடி வரைய வராது. மீசைக்குக் காரணம், மூக்குக்குக் கீழே வாய் வரைய வராது. வடிவமைத்தவர் ஷிகேரு மியாமோட்டோ.

● தண்ணீர்க் கட்டத்தில் மாரியோ நீந்துவது 'பலூன் ஃபைட்' ஆட்டத்தில் பலூன் கட்டிக்கொண்டு மிதப்பது போலவே இருக்கிறது என்று தோன்றியிருந்தால், கண் கூர்மைதான். அந்த விளையாட்டின் புரோகிராம் எழுதியவர் கொடுத்த யோசனை மாரியோவின் நீச்சலுக்குப் பயன்பட்டது. அவர் சடோரு இவாட்டா. பின்னாளில், 2002இல், நிண்டெண்டோவின் தலைவரானார்.

● பழம் பொறுக்கித் தின்னாவிட்டால் பசியிலேயே செத்துப்போகும் 'அட்வென்ச்சர் ஐலண்ட்' நாயகன் நிஜ மனிதர்! 1986இல் அதை வெளியிட்ட ஹட்சன் நிறுவனத்தின் ஊழியர் தகாஹாஷி மெய்ஜின். நொடிக்கு 16 முறை பட்டன் அழுத்துவார் என்று ஜப்பான் முழுக்கப் பிரபலம். விளையாட்டு மூலத்தில் சேகா நிறுவனத்தின் 'ஒண்டர் பாய்'. அதன் நாயகனின் உரிமை சேகாவிடம் இருந்ததால் அவரைத் தூக்கிவிட்டு, தங்கள் ஊழியரையே உள்ளே வைத்தார்கள்.

● மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ. திருக்குறள் மறந்தாலும் இது மறக்காது. 'கான்ட்ரா'வில் 30 உயிர் தரும் இந்த மந்திரம் கான்ட்ராவுக்காக எழுதப்பட்டதல்ல. 1986இல் 'கிரேடியஸ்' விளையாட்டை வீட்டுக் கருவிக்கு மாற்றிய கோனாமியின் கசுஹிசா ஹஷிமோட்டோ, சோதித்துப் பார்க்கும்போது தனக்கே அது கடினமாக இருந்ததால் வைத்துக்கொண்ட குறுக்கு வழி. அது விளையாட்டிலேயே தங்கிவிட்டது. அவர் 2020 பிப்ரவரியில் காலமானார்.

● கரண்ட் போனால் மாரியோவும் போச்சு. அந்தக் கேசட்டுக்கு நினைவே கிடையாது. மின்வெட்டுக்குப் பேர் போன அன்றைய கொங்கு நாட்டில் இதைவிடக் கொடுமை உண்டா? ஆனால் கரண்ட் இருக்கும்போது ஒரு வழி இருந்தது. நம் தெருவில் அது பலருக்குத் தெரியாது. எல்லா உயிரும் போய்த் தலைப்புத் திரைக்கு வந்ததும் 'ஏ'வை அழுத்திப் பிடித்துக்கொண்டு 'ஸ்டார்ட்' கொடுத்தால், கடைசியாக இருந்த உலகத்தின் முதல் கட்டத்திலிருந்தே தொடரலாம். இப்போதைய தொகுப்புகளில் எந்த நொடியிலும் சேமிக்கும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்தி ஆடுவது நிஜ ஆட்டமா என்ற சண்டையில் என் ஓட்டு 'இல்லை' பக்கம்.

● டிவி கேம் இல்லாதவர்களுக்குப் பள்ளிக் கம்ப்யூட்டர் லேப் இருந்தது. அங்கே ஆசிரியர் திரும்பியவுடன் ஓடியது 'டேஞ்சரஸ் டேவ்'. சிவப்புத் தொப்பி டேவ், கோப்பை, கதவு, பத்துக் கட்டம். எழுதியவர் ஜான் ரொமெரோ. அமெரிக்காவின் லூசியானாவில் சாஃப்ட்டிஸ்க் நிறுவனத்தில் இருந்தபோது 1990இல் டாஸ் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்தார்.

டேவ் ஓரத்துக்குப் போனதும் திரை ஒரு உலுக்கு உலுக்கி நகருமே, நினைவிருக்கிறதா? மாரியோவைப் போல வழுக்கிக்கொண்டு ஓட அந்தக் காலக் கம்ப்யூட்டருக்குச் சக்தி இல்லை என்றே எல்லோரும் நம்பினார்கள். ரொமெரோவோடு வேலை பார்த்த ஜான் கார்மாக் அதை முறியடித்தார். முழுத் திரையையும் திரும்ப வரையாமல், மாறிய சின்னச் சதுரங்களை மட்டும் வரைவது அவர் கண்ட உத்தி. 1990 செப்டம்பரில் ஒரே இரவில் அவரும் சக ஊழியர் டாம் ஹாலும் உட்கார்ந்து, 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3' இன் முதல் கட்டத்தைக் கம்ப்யூட்டரில் அப்படியே கட்டினார்கள். மாரியோ நிற்க வேண்டிய இடத்தில் டேவை நிறுத்தி, 'டேஞ்சரஸ் டேவ் இன் காப்பிரைட் இன்ஃப்ரிஞ்ச்மென்ட்' என்று குறும்பாகப் பெயர் வைத்து, ரொமெரோவின் மேஜைமேல் ஃபிளாப்பியை விட்டுப் போனார்கள். காலையில் அதைப் பார்த்த ரொமெரோவுக்கு அன்று வேறு வேலை ஓடவில்லை.

அடுத்து மாரியோ 3 இன் கம்ப்யூட்டர் மாதிரி ஒன்றைச் செய்து நிண்டெண்டோவுக்கே அனுப்பினார்கள். வேண்டாம் என்று பதில் வந்தது. சரி என்று அதே உத்தியில் 'கமாண்டர் கீன்' செய்தார்கள். 1991 பிப்ரவரியில் 'இட் சாஃப்ட்வேர்' நிறுவனம் பிறந்தது. 1993இல் அங்கிருந்து வந்ததுதான் 'டூம்'. நிண்டெண்டோ மறுத்த அந்த மாதிரி, 2021இல் அமெரிக்காவின் ஸ்ட்ராங் விளையாட்டு அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஈரோட்டு லேப்பில் நாம் திட்டு வாங்கிக்கொண்டு ஆடிய டேவுக்கு இப்படியொரு பரம்பரை.

● 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' (1989) இளவரசனின் ஓட்டமும் தாவலும், ஜோர்டான் மெக்னர் தன் தம்பியை ஓடவிட்டு வீடியோ எடுத்து, படம் படமாகப் பார்த்து வரைந்தவை. தொலைந்துபோனதாக நினைத்த மூல நிரலை 2012இல் அவர் அப்பா அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வீட்டில் எதையும் தூக்கிப் போடாத அப்பாக்கள் வாழ்க!

● நம்மில் பலர் 'சோனிக்'கை ஆடாததற்குக் காரணம் விலை. அது ஓடும் கருவி, 1995இல் ஷா வாலஸ் நிறுவனம் வழியாக இந்தியாவுக்கு வந்த சேகா மெகா டிரைவ், 18,000 ரூபாய்.

● வாத்து சுடும் துப்பாக்கி புது எல்இடி டிவியில் வேலை செய்யாது. துப்பாக்கியிலிருந்து டிவிக்கு எதுவும் பாய்வதில்லை. டிவியின் ஒளியைத் துப்பாக்கிதான் பார்க்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுக்கும், பிறகு வாத்து இருந்த இடம் வெள்ளையாகும். கறுப்புக்குப் பின் வெள்ளை தெரிந்தால் வாத்து விழும். இந்தக் கணக்குப் பழைய பிக்சர் ட்யூபின் நேரத்துக்கு எழுதப்பட்டது. புது டிவி அதைவிடத் தாமதமாகப் படம் காட்டும், அவ்வளவுதான். உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் தடித்த டிவியைப் பார்த்தால் ஏளனம் செய்யாதீர்கள்.

● சரி, எந்தத் தொகுப்பை வாங்கலாம்? 'சூப்பர் மாரியோ ஆல் ஸ்டார்ஸ்' (1993) நான்கு மாரியோக்களைப் புதிதாக வரைந்து தந்தது. ஆனால் செங்கல்லை முட்டி உடைத்தால் கீழே வர வேண்டிய மாரியோ, தொடர்ந்து மேலே போகிறார். பழகிய கைக்கு அது உறுத்தும். 2016இல் வந்த குட்டி நிண்டெண்டோ 'என்இஎஸ் கிளாசிக்'கில் 30 விளையாட்டுகள்: மூன்று சூப்பர் மாரியோ, ஐஸ் கிளைம்பர், பலூன் ஃபைட், எக்சைட்பைக் எல்லாம் உண்டு. கான்ட்ரா இல்லை, அதன் இரண்டாம் பாகம்தான் இருக்கிறது. நாம் 'டாங்க்' என்று சொன்ன பேட்டில் சிட்டியும் இல்லை. சர்க்கஸ் சார்லியும் இல்லை, அட்வென்ச்சர் ஐலண்டும் இல்லை. கான்ட்ராவுக்கு 2019இல் கோனாமி வெளியிட்ட 'ஆனிவர்சரி கலெக்‌ஷன்' தனியாக வேண்டும். அதில் ஜப்பான் பதிப்பும் சேர்ந்திருக்கிறது. காட்டுக் கட்டத்தில் மர ஓலைகள் அசைவதைப் பார்ப்பதற்கே ஆடலாம்.

2012இல் ஹட்சன் கோனாமியோடு இணைந்துவிட்டதால் கான்ட்ரா, சர்க்கஸ் சார்லி, அட்வென்ச்சர் ஐலண்ட் மூன்றும் இன்று ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. மாரியோ நிண்டெண்டோவிடம், டாங்க் பண்டாய் நாம்கோவிடம். மூன்று கம்பெனிகளும் சேர்ந்து ஒரு தொகுப்பு போட்டால்தான் நம் பால்யம் முழுசாக வரும். அவர்களால் முடியாததைத் திருட்டுக் கேசட் செய்திருந்தது. தப்புதான், ஆனால் தேர்வு பிரமாதம்.

● பரணில் பழைய பொட்டி கிடைத்தால் ஒரு வேண்டுகோள். கேசட்டை ஊதாதீர்கள். அன்று அது ஓடியது ஊதியதால் அல்ல. கழற்றி மாட்டியதில் தொடுப்பு சரியாகி ஓடியது. எச்சில் ஈரம் செம்புத் தகட்டை அரிக்கும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அந்த 60 முனைகளையும் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். அடாப்டரின் வோல்ட்டேஜை ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டுச் சுவிட்சைப் போடுங்கள்.