சீனி டின்னை ஒளித்து வைத்தால் போதுமா?

வீட்டில் ஒருவருக்கு இனிப்பு நீர் என்று டாக்டர் சொன்னதும் நாம் செய்கிற முதல் காரியம், சீனி டின்னை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைப்பதுதான். மதியம் அதே மாமனாருக்கு மங்கு நிறையச் சோறு போட்டு, “இன்னும் கொஞ்சம் வச்சுக்குங்க மாமா” என்று உபசரிக்கிறோம்.

2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. நம் இந்தியர்களிடையே நூற்றுக்கு 31 பேர். பத்துப் பேர் உட்காரும் பந்தியில் மூன்று பேர் என்று கணக்கு. கால் விரலை இழந்தவரும், இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று நாள் போகிறவரும் நம் உறவில் இல்லாமலா இருக்கிறார்கள்?

சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் காரணம் விளங்கும். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மேடு பள்ளம் ஏறி இறங்கி மரம் வெட்டி, பால் வாளி சுமந்த உடம்புக்கு அவ்வளவு சோறு வேண்டியிருந்தது. தோட்டம் துண்டாடப்பட்டுத் தாமான் வீட்டுக்கு வந்தபின் உழைப்பு குறைந்தது, சோறு குறையவில்லை. அந்தச் சோறும் செரித்தபின் இரத்தத்தில் சர்க்கரையாகத்தான் சேருகிறது. ஒரு கப் சோற்றில் உள்ள மாவுச்சத்து சுமார் 45 கிராம், அதாவது மூன்று துண்டு ரொட்டிக்குச் சமம்.

கிளினிக்கில் இதையெல்லாம் சொல்லத்தான் செய்கிறார்கள். ஆனால் யாரிடம் சொல்கிறார்கள்? நோயாளியிடம், அல்லது காரோட்டிக்கொண்டு வந்த மகனிடம். அடுப்படியில் நிற்கும் மனைவியோ மருமகளோ வீட்டில் இருக்கிறார். பாடம் படிக்க வேண்டியவர் வகுப்பில் இல்லாவிட்டால் வாத்தியார் தொண்டை கிழியக் கத்தி என்ன பயன்? அடுத்த முறை சமைக்கிறவரையும் அழைத்துப் போங்கள். அவரே கேள்வி கேட்கட்டும்.

அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ முறை நம் தட்டுக்கும் பொருந்தும். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, மீதிப் பாதியில் காய்கறியும் கொஞ்சம் பழமும். சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைத் துண்டு அந்தப் பாதிக்கு ஈடாகாது. கீரைப் பொரியலை அள்ளி வைக்க வேண்டும். உருளைக்கிழங்கைச் சோற்றோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

“சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிவிட்டோம்” என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். நாலு சப்பாத்தியும் மாவுதானே! கேழ்வரகுக் கஞ்சியும் அப்படியே. தேன், பனங்கற்கண்டு, குலா மலாக்கா எல்லாம் சீனிக்கு அண்ணன் தம்பிகள். பாகற்காய் சாப்பிடலாம், தடையில்லை. ஆனால் அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

ஈப்போக்காரர்களுக்கு வெள்ளைக் கோப்பியை விடச் சொன்னால் கோபம் வரும். ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டிச் சீனி இருக்கிறது. 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள டின் பானங்களுக்கு 2019 ஜூலை முதல் வரி உண்டு. கோப்பிக் கடையில் கலக்கிக் கொடுக்கும் மங்குக்கு யார் வரி போடுவது? ‘கோசோங்’ என்று கேட்டுப் பழகலாம். கொறிக்க ஆசைப்பட்டால் புந்தோங் கச்சான் பூத்தேயில் சீனி பூசாத, உப்புக் குறைந்த கடலையாகப் பார்த்து ஒரு சின்னப் பிடி போதும்.

ஒன்று சொல்லவேண்டும், தாய்மார்களே. அவருக்கு மட்டும் தனித்தட்டில் பத்தியம் வைத்துவிட்டு, எதிரே மற்றவர்கள் பாயாசம் குடித்தால் அவர் மறைவாகத்தான் சாப்பிடுவார். வீடு முழுவதும் ஒரே சமையல் என்றால் சண்டையும் குறையும், பேரப்பிள்ளைகளுக்கும் நல்லது. சிறுநீரகமும் பழுதானவருக்குப் பத்தியம் வேறு. அதை டயட்டீஷியனிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரைப் பட்டினி போடவும் கூடாது. விரதம் இருப்பதானால் முன்கூட்டியே டாக்டரைக் கேளுங்கள். உடம்பு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியை அரை கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் பாருங்கள். தெளியாவிட்டால் மறுபடி அதே அளவு. தெளிந்தால் ஏதாவது சாப்பிடச் செய்யுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999க்கு அழையுங்கள். அதற்காகவாவது அந்தச் சீனி டின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.